வேலை கிடைக்காத பட்டதாரி தொடங்கிய அமைப்பு

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் உள்ள விவேகானந்தர் ஆசிரமத்தைத் தெரியாத தமிழர்கள் தலைநகரில் குறைவு. வேலைக்குப் போகும் அவசரத்தில் நாள்தோறும் எத்தனையோ பேர் அந்தப் பழைய கட்டடத்தையும் அதன் முன் நிற்கும் சிலையையும் கடந்து போகிறார்கள். தலைப்பாகை, கட்டிய கைகள், நேர்கொண்ட பார்வை என்று நாள்காட்டிகளிலும் பள்ளிச் சுவர்களிலும் நாம் பார்த்துப் பழகிய விவேகானந்தர் உருவம், 1893இல் சிகாகோவில் எடுக்கப்பட்ட படத்திலிருந்து வந்தது. அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அதே மனிதர் கையில் விண்ணப்பக் கடிதத்தோடு, காலில் செருப்பில்லாமல், கல்கத்தாவின் அலுவலகங்களில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். எங்கும் வேலை கிடைக்கவில்லை.

வேலை தேடும் இளையோருக்கு அவருடைய பொன்மொழிகள் நிறையச் சொல்லப்படுகின்றன. அவரே வேலை தேடி அலைந்த கதை அவ்வளவாகச் சொல்லப்படுவதில்லை. தமிழியல் பட்டம் வாங்கிவிட்டு, கல்யாண வீடுகளில் உறவினர்கள் கேட்கும் அதே கேள்விக்குப் பதில் இல்லாமல் நழுவிக்கொண்டிருந்த மாதங்களில்தான் அவருடைய வாழ்க்கையின் அந்தப் பகுதியை நான் முதலில் படித்தேன். ஆறுதலைவிட அதிர்ச்சிதான் அதிகம் ஏற்பட்டது.

நரேந்திரநாத் தத்தர் 1863 ஜனவரி 12ஆம் நாள் கல்கத்தாவில் வசதியான வீட்டில் பிறந்தவர். தந்தை விசுவநாத தத்தர் கல்கத்தா உயர் நீதிமன்ற வழக்கறிஞர். கை நிறையச் சம்பாதித்தார், அதைவிடத் தாராளமாகச் செலவழித்தார். நல்ல சாப்பாடு, இசை, வந்தவர்க்கெல்லாம் உதவி என்று அந்த வீடு எப்போதும் நிறைந்திருந்தது. மகனும் அதற்கேற்ப வளர்ந்தார். நன்றாகப் பாடுவார், உடற்பயிற்சி செய்வார், மேலைத் தத்துவ நூல்களைத் தேடிப் படிப்பார், யாரோடும் வாதாடுவார். 1881இல் தட்சிணேஸ்வரக் காளி கோயிலில் இருந்த இராமகிருஷ்ணரின் அறிமுகம் கிடைத்தது. அவரிடம் போய் வந்தாலும், பட்டம் வாங்கி வழக்கறிஞராவதே வீட்டார் போட்டு வைத்திருந்த பாதை.

1884இல் பி.ஏ. தேறினார். பிப்ரவரி 25ஆம் நாள் இரவு நண்பர்களோடு பாடிக்கொண்டிருந்தபோது, தந்தை மாரடைப்பால் இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தது.

கணக்குப் பார்த்தபோதுதான் வரவைவிடக் கடன் அதிகம் என்று தெரிந்தது. கடன்காரர்கள் வாசலுக்கு வந்தார்கள். போதாக்குறைக்குப் பூர்வீக வீட்டின் பங்கு கேட்டு உறவினர்கள் வழக்குப் போட்டார்கள். தாய் புவனேசுவரி தேவியும் தம்பி தங்கையரும் 21 வயது நரேந்திரனை நம்பி நின்றார்கள். கடைக்குட்டித் தம்பி பூபேந்திரநாதனுக்கு அப்போது நான்கு வயதுகூட நிறையவில்லை.

துக்கம் கழியும் முன்பே வேலை தேடல் தொடங்கியது. காலையில் எழுந்து, வீட்டில் எல்லாருக்கும் போதுமான அளவு சாப்பாடு இருக்கிறதா என்று மறைவாகப் பார்ப்பார். போதாது என்று தெரிந்தால், வெளியே ஒரு வீட்டில் விருந்துக்கு அழைத்திருப்பதாகத் தாயிடம் பொய் சொல்லிவிட்டுப் பட்டினியோடு கிளம்பிவிடுவார். நண்பகல் வெயிலில் ஓர் அலுவலகத்திலிருந்து இன்னொன்றுக்கு நடப்பார். பணக்கார நண்பர்கள் முன்பு போலவே பாடுவதற்கு அழைத்தார்கள். அவர் சாப்பிட்டாரா என்று கேட்கத் தோன்றியவர்கள் மிகச் சிலரே. அவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஒரு நாள் நடந்து நடந்து உள்ளங்கால் புண்ணாகி, நகர மைதானத்தில் இருந்த ஆக்டர்லோனி நினைவுத் தூணின் நிழலில் உட்கார்ந்துவிட்டார். கூட வந்த நண்பர் ஒருவர் ஆறுதலாக இருக்கட்டும் என்று கடவுளின் கருணையைப் பற்றிய பாட்டொன்றைப் பாடினார். நரேந்திரனுக்கு வந்தது கோபம்தான். பசி என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கே அந்தப் பாட்டு இனிக்கும் என்று எரிந்து விழுந்தார். பின்னாளில் துறவியாகப் போற்றப்பட்டவர், அந்த மாதங்களில் கடவுள் உண்டா என்று வெளிப்படையாகவே கேட்டுக்கொண்டிருந்தார். அவர் நாத்திகராகிவிட்டார், கெட்டுப் போய்விட்டார் என்று ஊரில் பேச்சு எழுந்தது. மறுத்துப் பேசவும் அவர் மெனக்கெடவில்லை.

அடுத்து வரும் நிகழ்ச்சி பலருக்குத் தெரிந்தது. தம் வீட்டுக் கஷ்டம் தீரக் காளியிடம் வேண்டும்படி இராமகிருஷ்ணரைக் கேட்டார். நீயே போய்க் கேள் என்று அவர் அனுப்பிவைத்தார். கோயிலுக்குள் போன நரேந்திரன் பணத்தைக் கேட்கவில்லை. பகுத்துணரும் அறிவும் பற்றின்மையும் பக்தியும் வேண்டிவிட்டுத் திரும்பினார். மறுபடி அனுப்பினார் குரு. மூன்று முறை போயும் சோறு கேட்க நா எழவில்லை. கடைசியில், அந்தக் குடும்பத்துக்கு எளிய உணவுக்கும் உடைக்கும் குறைவிருக்காது என்று இராமகிருஷ்ணர் வாக்களித்தாராம்.

இதை எப்படி எடுத்துக்கொள்வது என்பது அவரவர் நம்பிக்கையைப் பொறுத்தது. ஆனால் இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள், அன்றோடு அவர் எல்லாவற்றையும் உதறிவிட்டது போல. உண்மையில் அதற்குப் பிறகும் அவர் வேலை தேடினார். வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை பார்த்தார். காசுக்காக நூல்களை வங்காளியில் மொழிபெயர்த்தார். ஹெர்பர்ட் ஸ்பென்சர் கல்வி பற்றி எழுதிய நூல் அவற்றில் ஒன்று. பள்ளிக்கூட ஆசிரியராகவும் சிறிது காலம் இருந்தார். சட்டப் படிப்பையும் தொடர்ந்தார். எதுவும் நிலைக்கவில்லை. சட்டத் தேர்வை அவர் எழுதவே இல்லை.

1885இல் இராமகிருஷ்ணருக்குத் தொண்டையில் புற்றுநோய் கண்டது. இளம் சீடர்கள் முறை வைத்துக்கொண்டு காசிப்பூர் தோட்ட வீட்டில் பணிவிடை செய்தார்கள். இரவெல்லாம் நோயாளி அருகில், பகலில் வீட்டுப் பிரச்சினையும் நீதிமன்றமும் என்று நரேந்திரன் இரண்டுக்கும் நடுவே கிழிபட்டார். 1886 ஆகஸ்ட் 16ஆம் நாள் குரு மறைந்தார்.

அதன் பிறகுதான் வேலை தேடல் உண்மையில் நின்றது. சுரேந்திரநாத் மித்ரா என்ற இல்லறச் சீடர் மாதந்தோறும் கொடுத்த சிறு தொகையில், பராநகரில் இடிந்து விழும் நிலையில் இருந்த ஒரு வீடு வாடகைக்கு எடுக்கப்பட்டது. பேய் வீடு என்று பெயர் வாங்கியிருந்ததால் வாடகை குறைவு. படித்த குடும்பத்துப் பிள்ளைகள் பலர் அங்கே கூடினார்கள். பிச்சையாகக் கிடைத்த அரிசியை வேகவைப்பார்கள். பல நாள் தொட்டுக்கொள்ள உப்பு மட்டும்தான். சில நாள் கோவை இலையை அவித்து வைப்பார்கள். வெளியே போகிறவர் கட்டிக்கொள்ள ஒரு நல்ல வேட்டி பொதுவாக இருந்தது. 1887 தொடக்கத்தில் அவர்கள் முறைப்படி துறவு பூண்டார்கள். நரேந்திரனுக்கு அப்போது 24 வயது.

கஷ்டப்படும் தாயை விட்டுவிட்டுத் துறவு போவது சரியா? நம் வீடுகளில் இன்றும் இந்தக் கேள்வி எழும், எழவும் வேண்டும். சம்பளம் கொண்டுவர வேண்டிய மூத்த பிள்ளை, சம்பளமே இல்லாத பாதையைத் தேர்ந்தெடுத்தார். இதை வெறும் வீரமாகச் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. அவருக்கும் அது எளிதாக இருந்ததாகத் தெரியவில்லை. துறவுக்குப் பின்னும் வழக்குக்காக அலைந்தார். 1890இல் இமயமலைப் பக்கம் அல்மோராவில் இருந்தபோது தங்கை ஒருவர் இறந்த செய்தி தந்தியில் வந்து அவரை உலுக்கியது. பிறகு ராஜஸ்தானத்தின் கேத்ரி அரசர் அஜித் சிங் நண்பரானபோது, அவர் மூலம் தாயின் குடும்பத்துக்கு மாதம் 100 ரூபாய் போக வழி பிறந்தது. உலகப் புகழ் வந்த பிறகும், 1898இல், அந்த 100 ரூபாய் தம் தாய்க்கு ஆயுள் முழுவதும் தடையில்லாமல் கிடைக்க வேண்டும் என்று அரசருக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். தனக்காகக் கேட்க வராத வாய், அம்மாவுக்காகக் கேட்டது.

நாடு முழுவதும் நடந்தும் ரயிலேறியும் சுற்றியவர் 1892 டிசம்பரில் கன்னியாகுமரி வந்து சேர்ந்தார். குமரி முனைப் பாறையில் அவர் தியானம் செய்தது எல்லாருக்கும் தெரியும். அங்கே என்ன திட்டம் தோன்றியது என்பதைப் பின்னர் அமெரிக்காவிலிருந்து சக துறவிக்கு எழுதியிருக்கிறார். ஊர் ஊராகப் பிச்சையெடுத்துத் திரியும் துறவிகளில் சிலர், கையில் உலக உருண்டையும் வரைபடங்களும் படக்கருவியும் கொண்டு கிராமங்களுக்குப் போய் ஏழைகளுக்குப் பாடம் சொன்னால் என்ன? ஏழைப் பிள்ளை பள்ளிக்கு வர முடியாவிட்டால் பள்ளி அவனிடம் போகட்டும். இதற்கு ஆளும் வேண்டும், பணமும் வேண்டும். இன்றைய சொல்லில், ஓர் இலாப நோக்கமற்ற அமைப்பின் முதல் வரைவு இது. ஆனால் அதைத் தொடங்கக் கையில் ஒரு காசு இல்லை.

அந்தப் பணத்துக்கான முதல் வேலையைச் செய்தவர்கள் சென்னைத் தமிழர்கள். பச்சையப்பன் பள்ளியில் ஆசிரியராக இருந்த அளசிங்கப் பெருமாளும் அவருடைய இளம் நண்பர்களும் வீடு வீடாகப் போய் அமெரிக்கப் பயணத்துக்கு நிதி திரட்டினார்கள். பெரும்பாலும் நடுத்தரக் குடும்பத்து வீடுகள். இராமநாதபுரம் அரசர் பாஸ்கர சேதுபதியும் ஊக்கமளித்தார். கேத்ரி அரசர் கப்பலில் முதல் வகுப்புச் சீட்டு ஏற்பாடு செய்தார். 1893 மே 31ஆம் நாள் பம்பாயிலிருந்து பெனின்சுலர் கப்பல் புறப்பட்டது.

அது கொழும்பைத் தாண்டி நம் பக்கம்தான் வந்தது. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் நின்றது. வழியில் சுமத்திராவின் மலைகளையும், கடற்கொள்ளையர் பதுங்கிய இடங்களையும் கப்பல் தலைவர் சுட்டிக் காட்டினார். சிங்கப்பூரில் தாவரவியல் பூங்காவைச் சுற்றிப் பார்த்து, அங்கிருந்த பனை வகைகளை வியந்தார். விசிறி வாழையும் ஈரப்பலாவும் கண்ணில் பட்டன. சென்னையில் மாம்பழம் போல இங்கே மங்குஸ்தான் மலிந்து கிடப்பதாகவும், ஆனாலும் மாம்பழத்துக்கு ஈடில்லை என்றும் ஜப்பானிலிருந்து சென்னை நண்பர்களுக்கு எழுதினார். இந்தத் தீர்ப்பை நம் ஊர்க்காரர்கள் ஏற்பார்களா என்பது சந்தேகம்.

சிகாகோவில் இறங்கியபோது பழைய கல்கத்தா நாட்களே திரும்பி வந்தது போல் ஆயிற்று. சர்வ சமயப் பேரவை தொடங்க இன்னும் ஆறு வாரம் இருந்தது. பேராளராகச் சேர அறிமுகக் கடிதம் வேண்டும் என்றார்கள். அவரிடம் எந்த அமைப்பின் கடிதமும் இல்லை. கைப்பணம் கரைந்தது. செலவு குறையும் என்று பாஸ்டன் பக்கம் போனார். அங்கே ஹார்வர்டு பேராசிரியர் ஜான் ஹென்றி ரைட் அவரோடு பேசிப் பார்த்து, தாமே பரிந்துரைக் கடிதம் கொடுத்தார். அதோடு சிகாகோ திரும்பியவர் போக வேண்டிய முகவரியைத் தொலைத்துவிட்டு, ஓர் இரவு ரயில் நிலையச் சரக்குப் பகுதியில் படுத்துக் கிடந்தார். காலையில் வீடு வீடாக வழி கேட்டு விரட்டப்பட்டுத் தெருவோரம் உட்கார்ந்திருந்தவரை எதிர்வீட்டு ஹேல் அம்மையார் அழைத்துச் சோறு போட்டார். செப்டம்பர் 11ஆம் நாள் நிகழ்ந்த உரையைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை.

அதன் பின் நடந்தது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. இந்தியப் பணிகளுக்குப் பணம் சேர்க்கலாம் என்று ஒரு சொற்பொழிவு ஏற்பாட்டு நிறுவனத்தோடு அவர் ஒப்பந்தம் செய்துகொண்டார். ஊர் ஊராகப் பேச வைத்தார்கள். வசூலில் பெரும்பகுதி நிறுவனத்துக்குப் போனது, பேசியவருக்குச் சொற்பமே வந்தது. 1894இல் நட்டப்பட்டு அந்த ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டார். வாழ்க்கையில் ஒழுங்காகக் காசு வந்த ஒரே வேலையும் அதோடு போனது. அதே ஆண்டு நியூயார்க்கில் வேதாந்த சங்கத்தைத் தொடங்கினார். அந்த நாட்டில் பொதுக் காரியங்களுக்குக் கூட்டம் கூட்டி, பொறுப்பாளர்களைத் தேர்ந்து, கணக்கு வைத்துச் செயல்படும் முறையை அவர் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

1897 ஜனவரியில் கொழும்பு வழியாகத் திரும்பினார். யாழ்ப்பாணம், பாம்பன், இராமநாதபுரம், சென்னை என்று வரவேற்பு தொடர்ந்தது. மே 1ஆம் நாள் கல்கத்தா பாக்பஜாரில், பலராம் போஸ் வீட்டில் துறவிகளையும் இல்லறத்தாரையும் கூட்டி, ஒரு சங்கம் அமைக்க வேண்டும் என்றார். இராமகிருஷ்ண மிஷன் அங்கே பிறந்தது. ஞாயிற்றுக்கிழமை தோறும் கூட்டம், பொறுப்பாளர்கள், நோக்கங்கள் எல்லாம் எழுத்தில் வகுக்கப்பட்டன.

எதிர்ப்பு வெளியிலிருந்து வரவில்லை. பராநகரில் உப்புச் சோறு சாப்பிட்டவர்களே கேட்டார்கள். இது மேல்நாட்டுப் பாணி அல்லவா, கடவுளைத் தேடச் சொன்ன குரு கணக்குப் புத்தகமும் நிவாரணப் பணியும் நடத்தச் சொன்னாரா என்று யோகானந்தர் நேருக்கு நேராகக் கேட்டார். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. தவம் செய்யத்தான் அவர்கள் வீட்டை விட்டு வந்தார்கள். மருந்து கொடுக்கவும் அரிசி அளக்கவும் தெருக் கூட்டவும் வரவில்லை. விவேகானந்தர் வாதாடினார், கோபப்பட்டார், கண் கலங்கி எழுந்து போனதும் உண்டு. கொள்கை விளக்கம் எல்லாரையும் மாற்றியதாகத் தெரியவில்லை. அவர் மேல் வைத்திருந்த நம்பிக்கைதான் பலரை நகர்த்தியது.

அவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் ராமகிருஷ்ணானந்தர். குருவின் பூசையை விட்டு ஆண்டுக்கணக்கில் எங்கும் போகாதவர். மற்றவர்கள் யாத்திரை போனபோதும் அவர் மட்டும் மடத்திலேயே இருந்தார். 1897 மார்ச்சில் சென்னைக்குப் போகச் சொன்னதும் மறுபேச்சின்றிக் கப்பலேறினார். சென்னைக் கடற்கரையில், ஒருகாலத்தில் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்து வைத்த ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் தங்கிப் பணியைத் தொடங்கினார். இன்று அதுவே விவேகானந்தர் இல்லம். இன்னொரு சக துறவி அகண்டானந்தர், முர்ஷிதாபாத் பகுதியில் பஞ்சத்தைக் கண்ணால் பார்த்து, மேற்கொண்டு நகர முடியாமல், அந்த மே மாதமே மகுலா கிராமத்தில் அரிசி வழங்கத் தொடங்கிவிட்டார். மிஷனின் முதல் நிவாரணப் பணி அதுதான்.

1898இல் கல்கத்தாவில் கொள்ளைநோய் பரவியது. டார்ஜிலிங்கில் ஓய்வெடுத்துக்கொண்டிருந்த விவேகானந்தர் உடனே இறங்கி வந்தார். பயத்தில் ஊரைக் காலி செய்துகொண்டிருந்த மக்களுக்காக வங்காளியிலும் இந்தியிலும் துண்டறிக்கை அச்சானது. நிவாரணத்துக்குப் பணம் எங்கே என்ற கேள்வி வந்தது. பேலூரில் மடத்துக்காக அப்போதுதான் வாங்கியிருந்த நிலத்தை விற்றுவிடலாம் என்றார். நாம் துறவிகள், மரத்தடியில் படுக்கத் தெரியாதா என்பது அவர் நிலை. நல்லவேளையாக விற்க வேண்டி வரவில்லை. மறு ஆண்டு நோய் திரும்பியபோது சதானந்தரும் நிவேதிதையும் துப்புரவாளர்களோடு சேரிகளில் இறங்கிச் சுத்தம் செய்தார்கள்.

அமைப்பு வேரூன்றுவதை முழுதாகப் பார்க்க அவருக்கு ஆயுள் போதவில்லை. நீரிழிவும் மூச்சிரைப்பும் வாட்டின. 1901இல் தாயைக் கிழக்கு வங்காளத்துக்கும் அசாமுக்கும் தீர்த்த யாத்திரை அழைத்துப் போனார். 1884இல் தொடங்கிய வீட்டுத் தகராறு 1902 ஜூன் இறுதியில்தான் ஓய்ந்தது. ஜூலை 4ஆம் நாள், 39 வயதில், பேலூர் மடத்தில் காலமானார். மிஷன் சட்டப்படி பதிவானது 1909இல்.

அவர் மறைந்த இரண்டு ஆண்டில், 1904இல், பிரிக்ஃபீல்ட்ஸில் யாழ்ப்பாணத் தமிழர்கள் அவர் பெயரில் ஆசிரமம் தொடங்கினார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வேக்கும் அரசு அலுவலகங்களுக்கும் எழுத்தர்களாக அன்று பலர் இங்கே வந்துகொண்டிருந்தார்கள். கல்கத்தாவில் அவர் விண்ணப்பம் எழுதி எழுதிக் கிடைக்காமல் போனது அப்படிப்பட்ட ஒரு நாற்காலிதான். சிங்கப்பூரில் இராமகிருஷ்ண மிஷன் 1928இல் வந்தது.

புவனேசுவரி தேவி மகனுக்குப் பிறகு ஒன்பது ஆண்டுகள் வாழ்ந்து 1911இல் இறந்தார். அந்த ஆண்டுகளில் அவர் வீட்டுக்குப் போய் வந்து, தேவைகளைக் கவனித்துக்கொண்டவர்களில் ஒருவர் மிஷனின் தலைவராக இருந்த பிரம்மானந்தர்.